கடைசி பெஞ்சில் இல்லாத மிஸ்

அன்புள்ள புது டீச்சர்களுக்கு,

திங்கட்கிழமையிலிருந்து நான் வகுப்பறையின் பின்னால் அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உங்களில் சிலருக்குக் கோபம் என்று கேள்விப்பட்டேன். "சார் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. நேற்று முன்தினம் இன்னொருவர் பிள்ளைகள் முன்னால் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

திமிர் இல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பெரும்பாக்கம் மாலை வகுப்பை விடாமல் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த மாதக் கடைசியோடு இதையும் விடுகிறேன். முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் படி ஏறினால் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வேலையை விட்டுப் போகிறவர் கடைசி மூன்று வாரம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உங்களில் ஒருத்திக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாளே தவிர, சொல்ல மாட்டாள். வாயைத் திறப்பதில்லை என்று நான் முடிவு செய்திருப்பதால் எழுதித் தருகிறேன். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இந்த வகுப்பை ஆரம்பித்தவர் ஒரு மிஸ். பெயர் வேண்டாம். குரூப் போட்டோவில் கூட ஓரமாக நின்று பாதி முகத்தை மறைத்துக்கொள்கிறவர், பெயரை எழுதினால் என்னோடு பேச மாட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். ஒரு மிஷன் அவரைத் தாம்பரத்தில் எங்கள் சபைப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சராக அனுப்பியது. நான் அங்கே கணக்கு வாத்தியார். மிஷனரி வருகிறார் என்றதும் சாந்தமான முகமும் மெல்லிய குரலுமாக வயதான ஒருவரை எதிர்பார்த்து மாலையோடு நின்றோம். வந்தவர் ஐந்தடிக்கும் குறைவு. முப்பது வயதுகூட ஆகவில்லை. மாலை அவர் முழங்கால் வரை தொங்கியதைப் பார்த்து அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஸ்டாஃப் ரூமிலிருந்து கிரவுண்டு வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை ஆனால் பல்லாவரம் சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்துவிடுவார். அவர் குடியிருந்த சேலையூர் மாடியில் கருவாடு வறுபட்டால் கீழ்வீட்டுக்காரர் ஜன்னல்களை எல்லாம் சாத்துவார். மறுநாள் காலை மிஸ் அவரிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்பார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கருவாடு. இப்படியே ஒன்பது வருடம் போயிற்று. கடைசியில் மிஸ் ஊருக்குப் போனபோது அதிகமாக அழுதவர் அந்தக் கீழ்வீட்டுக்காரர்தான்.

நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து விட்ட சமயம், பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டார்கள். பழைய பள்ளி வெகு தூரம், புதுப் பள்ளியில் யாரையும் தெரியாது. மிஸ் ஒரு நாள் யாரையோ பார்க்க அங்கே போனவர், தரைத்தளத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை வகுப்பு என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான். அதனால் அவர் பேசிய தமிழ் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தமிழ் இல்லை. ஒரு தடவை சபைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "இன்னா சார், ஒரு ஃபேனு கேட்டு மூணு மாசம் ஆவுது. துட்டு கீதா இல்லியா? சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்றார். செயலருக்கு டீ புரையேறியது. ஃபேன் மறுநாளே வந்தது. இப்போது உங்கள் தலைக்கு மேல் கடகடவென்று சுற்றுகிறதே, அதுதான்.

இனி என் கதை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் மிஸ் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனார். "நான் பாத்துக்கறேன் மிஸ், நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். முதல் வாரம் நான்கு நாள் போனேன். அப்புறம் அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் வந்தது. அப்புறம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். அப்புறம் மழை, மேடவாக்கம் ரோட்டில் தண்ணீர். அப்புறம் காரணம்கூடத் தேவைப்படவில்லை. மிஸ் திரும்பி வந்தபோது வகுப்பறைப் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு மாதம் வீடு வீடாக அலைந்து பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்தார். இரண்டு பையன்கள் மட்டும் தண்ணி கேன் போடும் வேலைக்குப் போய்விட்டார்கள், வரவே இல்லை. மிஸ் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாங்க சார், டீ சாப்படலாம்" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து தினமும் நானும் மிஸ்ஸின் வகுப்புக்கு வர ஆரம்பித்தேன். ஐந்து மணிக்கு டாண் என்று வந்து போர்டில் தேதி எழுதுவேன். கணக்கு என்னுடையது, மற்றதெல்லாம் மிஸ்ஸுடையது. இரண்டு வருடம் இப்படி ஓடியது. நானும் ஏதோ பெரிதாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மிஸ்ஸின் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மனைவி இல்லாதவர், ஒரே மகள். மிஷனிலிருந்தும் வேலையை முடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மிஸ் கிளம்ப வேண்டியதாயிற்று. செய்தி கேட்டவுடன் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"நான் பாத்துக்கறேன் மிஸ், நீங்க கவலைப்படாம போங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். "போன தபாவும் இதான் சொன்னீங்கோ சார்."

"இந்தத் தடவை நிஜமா மிஸ்."

"போன தபாவும் நிஜம்தான். நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. ஊருக்குப் போறவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்கோ. இங்க எல்லாரும் அப்டித்தான். நல்லவங்க. அதான் பேஜாரு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நம் ஊரில் கிளம்புகிறவரிடம் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டோம். வாசலில் நிற்கிறவர் எதைக் கேட்டாலும் சரி, ஆகட்டும், பார்த்துக்கறோம்தான். அது ஒரு மரியாதை. அதை நம்பி ஒருத்தி கடல் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று நாம் யோசிப்பதில்லை.

மிஸ் தன் ஏற்பாட்டைச் சொன்னார். "மூணு வாரம் கீது. திங்கக்கெயமைலேர்ந்து நான் ஊருக்குப் பூட்டேன். அந்தப் பெஞ்சில ஒக்காந்துகினு இருப்பேன், ஆனா நான் இல்ல. யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. நான் இல்லாம கிளாசு நடந்தா நான் போறேன். நடக்கலன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு இங்கியே கீறேன்."

"அப்பா?"

"அவருக்கு எம்பத்தொண்ணு சார்" என்றார். அந்த மனிதர் மகளைப் பார்ப்பாரா மாட்டாரா என்பது என் கையில் இருந்தது.

இதே சமயத்தில் சபைக் கமிட்டி மிஸ்ஸின் வழியனுப்பு விழாவுக்காக மூன்று தடவை கூடியது. பொன்னாடை என்ன கலர், பிரியாணியா சாம்பார் சாதமா, மேடையில் எத்தனை நாற்காலி என்றெல்லாம் பேசினார்கள். அந்த அறையை நாளை யார் திறப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எனக்கு வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு. "அன்பின் சிகரமே, தியாகத்தின் திருவுருவே" என்று ஆரம்பித்து ஃப்ரேம் போடக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தது. முப்பத்து நான்கு பிள்ளைகள். மிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஊருக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பையன் எழுந்து போய், "மிஸ்ஸு, பாத்ரூம் போவட்டா?" என்றான். மிஸ் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். அவன் மறுபடி கேட்டான். சுவர்தான். எனக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் நின்று அவன் நெளிய ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. "டேய், ஓடு!" என்று கத்தினேன். அவன் ஓடினான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இது சுலபம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை இருபத்தாறு பேர். வியாழக்கிழமை இருபத்தொன்று. நான் என்ன குறைவாகவா சொல்லிக் கொடுத்தேன்? வட்டங்களைப் பற்றி அவ்வளவு அழகாக என் வாழ்க்கையில் பாடம் எடுத்ததில்லை. கேட்கத்தான் ஆள் குறைந்துகொண்டே போனது. பொறுக்க முடியாமல் போர்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். பத்தடி தள்ளி அவர் மடியில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். என் பெயரைப் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி நோட்டில் எழுதினார். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் வந்தது. "சார், சௌக்கியமா? இங்க நல்ல மழை." ஜனவரி மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தீவிலிருந்து எழுதுகிறாராம்! ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தேன். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்புறம் கோபம் வந்தது.

இரண்டாவது வாரம் பதினேழுக்கு வந்துவிட்டது. அதைவிட மோசம், பவானி வரவில்லை. பத்தாம் வகுப்புப் பெண், கணக்கில் கெட்டி. எட்டாவதில் பாதியில் நின்றவளை மிஸ் பிடித்து இழுத்து வந்து இதுவரை கொண்டுவந்திருந்தார். நான் ஒரு துண்டுச் சீட்டில் "பவானி ஏன் வரவில்லை?" என்று எழுதி ஒரு பையனிடம் கொடுத்துப் பின்னால் அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து அது கப்பலாகத் திரும்பி வந்தது. படிக்காமலே மடித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு நான் கத்திவிட்டேன். "இது விளையாட்டு இல்ல மிஸ். அந்தப் பொண்ணு ஒரு வாரமா வரல. பப்ளிக் எக்ஸாம். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

மிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கண் நிறைய தண்ணீர். வாய் மட்டும் திறக்கவில்லை. அப்படியே நடந்து போய் பஸ் ஏறிவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் அதுவரை ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அவர் கையால் சேர்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உதிர்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பறைச் சாவி சாந்தி அக்காவிடம் இருக்கும். அதே பிளாக்கில் தரைத்தளத்தில் இட்லிக் கடை போட்டிருந்தவர். நான் சாவியைக் கொடுக்கப் போனபோது அவர் முகம் சரியில்லை.

"சார், சொல்லக் கூடாதுன்னு மிஸ்ஸு சத்தியம் வாங்கிகினாங்க. ஆனா எனக்கு மன்ஸு கேக்கல. டிக்கெட்ட மாத்த முடியுமானு போன்ல கேட்டுகினு இருந்தாங்க. அய்துகினே கேட்டாங்க."

"நான் என்ன தப்பா பண்றேன் அக்கா? நேரத்துக்கு வரேன். நல்லாத்தானே சொல்லித் தரேன்?"

"அஞ்சு மணிக்குத்தான வர்றீங்க? மிஸ்ஸு நாலு மணிக்கே வந்துருவாங்க. நேத்து எந்தப் புள்ள வரலியோ அந்த வூட்டுக்குப் படி ஏறிப் போவாங்க. தெனிக்கும். அதுங்கள இட்டுகினு எறங்கும்போது நீங்க வந்து போர்டுல தேதி எய்துவீங்க."

இரண்டு வருடம். பிள்ளைகள் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேரம் தவறாதவன் என்று எனக்குப் பெருமை வேறு!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதே வெள்ளைச் சட்டையோடு நேராகப் பெரும்பாக்கம் போனேன். பவானி வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஏழு மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். பவானியின் அம்மா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சோழிங்கநல்லூரில் ஓர் ஆபீஸில் துப்புரவு வேலை செய்கிறவர். பவானி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நான் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். படிப்பின் அருமை, பெண் கல்வி, எதிர்காலம். இருபது நிமிடம் இருக்கும். எதிரில் மைக் இருந்தால் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். அந்த அம்மா ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். டீ கொடுத்தார். "சரி சார், நாளைலேர்ந்து அனுப்பறேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். மளமளவென்று இறங்கினேன்.

நாலாவது மாடியில் கால் நின்றுவிட்டது. அந்தச் 'சரி' எனக்கு நன்றாகத் தெரிந்த சரி. நான் மிஸ்ஸிடம் சொன்ன அதே சரி. வந்தவர் மனசு கோணக் கூடாது என்று சொன்னது. அந்தப் பெண் நாளைக்கு வரப்போவதில்லை.

இறங்கிப் போய்விடலாம். போய்ச் சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றுவிட்டார்கள், என் கடமை முடிந்தது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் திரும்பி மேலே ஏறினேன். இந்த முட்டி தேய ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"இன்னா சார், எதுனா மறந்துட்டீங்களா?" என்றார் பவானியின் அம்மா.

"ஆமாம்மா. கேக்க மறந்துட்டேன். நானே பேசிட்டுப் போயிட்டேன். ஏன் அனுப்ப முடியலைன்னு நீங்க சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஷிஃப்ட மாத்திட்டாங்க சார். மத்தியானம் ரெண்டுலேர்ந்து ராத்திரி பத்து. சின்னவன யாரு பாத்துக்குவா? இவ இஸ்கூல் வுட்டு வர வரைக்கும் பக்கத்து வூட்ல வெச்சுக்குறாங்க. அதுக்கு மேல அவங்களுக்கும் முடியல."

அவ்வளவுதான் விஷயம். என் இருபது நிமிடப் பிரசங்கத்தில் இதற்கு ஒரு வரி பதில் இல்லை.

"பையனையும் தூக்கிட்டு கிளாஸுக்கு வரட்டும்" என்றேன்.

"அய்யோ சார், அவன் ஒரு எடத்துல சும்மா இருக்க மாட்டான்."

"நானும்தான்மா சும்மா இருக்க மாட்டேன். பாத்துக்கலாம்."

கதவுக்குப் பின்னால் பவானி சிரித்த சத்தம் கேட்டது.

மறுநாள் நான்கு மணிக்கு வந்தேன். மூன்று வீடு ஏறினேன். இந்தத் தடவை பேசவில்லை, கேட்டேன். ஒரு பையனுக்கு மாலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட ஆள் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, போர்டு தெரியவில்லை, சொல்லக் கூச்சம். மூன்றாவது வீட்டில் பையன் வெளியே வரவே மாட்டேன் என்றான். அவன் அக்காதான் சொன்னாள், போன வாரம் எல்லார் முன்னாலும் நான் அவனை மக்கு என்று சொல்லிவிட்டேனாம். எனக்கு நினைவுகூட இல்லை. மூடிய பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, "தப்பு என்னுதுடா, வெளிய வா" என்றேன். முப்பது வருட சர்வீஸில் ஒரு மாணவனிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு ஒரு பிளாஸ்டிக் கதவிடம்தான்.

அன்று ஐந்து மணிக்குப் பவானி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு இரண்டு வயது. மிஸ் இல்லை என்பதை அவனுக்கு யார் சொல்வது? இறக்கிவிட்டதும் நேராகப் பின் பெஞ்சுக்குப் போய், மிஸ்ஸின் மடியில் ஏறி, பேனாவைப் பிடுங்கினான். மிஸ் கூரையைப் பார்த்தார். அவன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினான். மிஸ் மறுபடி கூரை. பாடம் நின்றுவிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவன் தன் வாயில் ஊறிய பிஸ்கட்டை எடுத்து மிஸ்ஸின் வாயில் வைத்தான். மிஸ் அதைத் தின்றார். அப்புறம் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், இரண்டு வாரச் சிரிப்பும் சேர்ந்து. எதிர் பிளாக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மிஸ்ஸு வந்துட்டாங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"இல்ல, நான் இன்னும் ஊர்லதான் கீறேன்" என்றார் மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த வாரம் முழுவதும் அந்தப் பையன் ஊரில் இல்லாத ஒருவர் மடியில் உட்கார்ந்து சமர்த்தாக இருந்தான். வியாழக்கிழமை முப்பத்திரண்டு பேர். வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னிடம் வந்து போனைக் காட்டினார். சனிக்கிழமை இரவு விமானம். டிக்கெட்டை அவர் மாற்றவில்லை.

"போறேன் சார்" என்றார். இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் வழியனுப்பு விழா. அதே ஐந்து மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் மாதிரித் தேர்வு வைத்திருந்தேன். செயலருக்குப் போன் செய்து, வர முடியாது என்றேன்.

"என்ன சார் இது, வாழ்த்து மடல் வாசிக்கறதே நீங்கதானே? ஒரு நாள் லீவு விட்டா குடியா முழுகிடும்?"

நாக்கு நுனி வரை சரி வந்துவிட்டது. விழுங்கினேன். "இல்லைங்க. வர முடியாது" என்றேன். அவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மடலை வேறு ஒருவர் வாசித்து, "தியாகத்தின் திருவுருவே" என்ற இடத்தில் தடுக்கினாராம். மிஸ் அங்கேயும் சத்தமாகச் சிரித்தாராம்.

ஆறரை மணி இருக்கும். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் என் போன் அடித்தது. விழா முடிந்து விமான நிலையத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிற மிஸ். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. "சார், மிஸ்ஸு!" என்றான் ஒருவன். ஒன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். என்னைவிடச் சின்னவர், எனக்குத் தெரியாததை எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். இனி எப்போது பார்ப்பேன் என்று தெரியாது. கை தானாகப் போனது. பவானி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அது அடித்து ஓய்ந்தது. "அஞ்சாவது கணக்கு, நல்லாப் படிச்சுப் பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, போர்டைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். போர்டில் துடைக்க ஒன்றும் இல்லை. அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

மூன்று நாள் பொறுத்து ஒரு மெசேஜ் போட்டேன். "மிஸ், சௌக்கியமா? இங்கே நல்ல மழை." பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. மெலிந்த ஒரு பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் மகளையும் மறு கையால் ஒரு பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே, "அப்பாக்கு பல்லாவரம் கருவாடு புடிச்சுப் போச்சு" என்று எழுதியிருந்தார். மீனுக்கே பேர்போன தீவுக்கு இங்கிருந்து கருவாடு சுமந்து போயிருக்கிறார்! அந்த அப்பா அதற்குப் பிறகு நான்கு வருடம் மகளோடு இருந்தார்.

பவானி நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். பி.எஸ்சி., பி.எட். முடித்தாள். இப்போது உங்களில் ஒருத்தி. சிரித்துக்கொண்டே இருக்கிறாள், சொல்ல மாட்டாள் என்றேனே, அவள்தான். போர்டில் தேதி எழுதாமல் பாடம் ஆரம்பிக்க மாட்டாள். அந்தக் கெட்ட பழக்கம் என்னிடமிருந்து தொற்றியது.

நேற்று நான்கு மணிக்குப் பழக்க தோஷத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பவானி வருகைப் பதிவைப் பார்த்தாள். அண்ணன் தம்பி இருவர் மூன்று நாளாக வரவில்லை. போன வாரம் அவர்கள் வீடு மாறிவிட்டார்கள். எங்கே என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்து பிளாக், ஆறாவது மாடி, இடது கைப் பக்கம், வாசலில் நீலக் குடம் இருக்கிற வீடு. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தாள். நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பையை வைத்துவிட்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. முதல் மாடியில் கேட்டாள், இரண்டாவதில் கேட்டாள், ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் அந்த முக்கால் மணி நேரமும் பேப்பரில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அப்புறம் பெரியவனை முன்னால் விட்டு, சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. போர்டில் தேதி எழுதினாள்.

மாதம் முடிந்ததும் எனக்குப் போன் செய்யுங்கள். எடுக்க மாட்டேன். மூன்று நாள் கழித்து, இங்கே நல்ல மழை என்று பதில் வரும். தாம்பரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தாலும் அப்படித்தான் வரும்.